வெள்ளி ரூபாவை உருக்கும் மூசையில் போடுவதற்கு முன்: வன்னி ஆலய பரிபாலன சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் ஐயாமாருக்கு,

வணக்கம். திருவிழா நெருங்கினால் பல கோயில்களில் ஒரு பேச்சு எழுகிறது: பெட்டகத்தில் கிடக்கும் பழைய வெள்ளிக் காசுகளை உருக்கி அம்மனுக்குக் கவசம் செய்யலாம் என்று. கவசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தரம் பிரிக்காமல், எழுதி வைக்காமல் உருக்குவதைத்தான் தாங்க முடியவில்லை.

அவற்றில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் இந்தியாவின் ரூபாக்கள். 1872இல் ரூபா, சதக் கணக்குக்கு மாறிய இலங்கை தனக்கென்று வெள்ளி ரூபா அடிக்கவில்லை. 50, 25, 10 சத வெள்ளிக் காசுகள்தான் பின்னர் வந்தன. கல்கத்தாவிலும் பம்பாயிலும் அடித்த ரூபாதான் இங்கே நெல்லுக்கும் மாட்டுக்கும் கைமாறியது.

முதலில் கோயில் வருமானத்தையே பாருங்கள். 1835 முதல் 1939 வரையான ரூபா 11.66 கிராம், அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் 1940இல் வெள்ளியை நூற்றுக்கு 50 பங்காகக் குறைத்தார்கள். 1947ஆம் ஆண்டு ரூபா வெறும் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். எல்லாவற்றையும் ஒரே மூசையில் போட்டால் நல்ல வெள்ளியும் கெட்டுப்போகும்.

அப்புறம், 1862 என்று போட்ட காசுகளை எல்லாம் ஒன்றுதான் என்று ஒதுக்காதீர்கள். அந்த ஆண்டைப் பொறித்தே பத்து வருடத்துக்கு மேல் அடித்தார்கள். சிறு புள்ளிகளை வைத்துத்தான் வேறுபாடு தெரியும். 1911 ரூபாவில் ஐந்தாம் ஜோர்ஜின் அங்கியிலிருந்த யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து, அடுத்த ஆண்டு உருவத்தைத் திருத்தினார்கள். அது கிடைத்தால் தனியே எடுத்து வையுங்கள்.

துளை போட்ட காசும், வளையம் பற்றவைத்த காசும் வரும். ஒரு தாய் கழுத்திலிருந்து கழற்றி நேர்த்திக்குக் கொடுத்தவை அவை. 2009இல் காணி உறுதிகளும் கணக்குக் கொப்பிகளும் படங்களும் இழந்த ஊர்கள் எங்களுடையவை. நம் பாட்டிமாரின் கைபட்டதில் மிஞ்சியது மிகக் கொஞ்சம். அதையும் நாமே உருக்கலாமா?

ஒவ்வொரு காசையும் நிறுத்து, இரு பக்கமும் படம் எடுத்து, ஆண்டோடு கொப்பியில் பதியுங்கள். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். பொறித்த ஆண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு காசையும், துளையிட்டவை எல்லாவற்றையும் பெட்டகத்திலேயே வைத்திருங்கள். மிச்சத்தை உருக்குவது சபையின் முடிவு. எழுதவும் படம் எடுக்கவும் ஊரில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், கட்டாயம் வருவார்கள்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஓர் அடியவர்