தொரப்பள்ளி வழியாக வாங்க

கூடலூர்,
மார்ச், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நல்ல சுகம். மே மாதம் வருவதாக மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். மூன்று நாளில் முதுமலை, பந்திப்பூர், நாகரஹோளே, வயநாடு. பிள்ளைகளுக்குக் காடு காட்ட வேண்டும் என்று அவர் இவ்வளவு மெனக்கெட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் திட்டத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் எல்லாம் விட்டுப்போகும்.

அந்த நாலு பெயரும் ஒரே காட்டுக்குத்தான். முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே மாயாறு ஓடுகிறது. யானை இந்தக் கரையில் இறங்கி அந்தக் கரையில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கும். கோடை முற்றினால் தண்ணீர் தேடி கபினி அணைப் பக்கம் கூட்டம் கூட்டமாகச் சேரும். மழை விழுந்து புல் முளைத்ததும் திரும்பி வரும். 1986-ல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரியை அறிவித்தபோது, தமிழ்நாடு, கர்நாடகா, கேரளா மூன்றையும் சேர்த்து 5,520 சதுர கிலோமீட்டர் என்று எடுத்தார்களே, அதனால்தான். நாலு கேட்டில் நாலு டிக்கெட் வாங்கினாலும் பிள்ளைகள் பார்ப்பது அதே புள்ளிமானைத்தான். மூன்று நாளில் இரண்டு நாள் காரிலேயே தூங்கிக்கொண்டு கிடப்பார்கள். முதுமலை ஒன்று போதும். மூன்று நாளையும் அதற்கே கொடுங்கள்.

மே மாதமும் வேண்டாம். ஊட்டியில் மலர்க் கண்காட்சி நடக்கும் சமயம், மலைப்பாதை முழுக்க வண்டி. வெளியூர் வண்டிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு. காடும் அப்போது களைத்துப்போய் இருக்கும். இப்போதே தேக்கு மரம் எல்லாம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கிறது, ரோட்டோரம் தீத்தடுப்புக் கோடு போட்டுச் சருகை எரித்துவைத்திருக்கிறார்கள். தீப் பயம் அதிகமான வருஷங்களில் சவாரியையே நிறுத்திவிடுவார்கள். காலாண்டுப் பரீட்சை லீவில் வாருங்கள். செப்டம்பர் கடைசியில் தென்மேற்கு மழை ஓய்ந்து, புல் இளசாக இருக்கும், ஓடையில் தண்ணீர் இருக்கும்.

காரை சென்னையிலேயே விட்டுவிடுங்கள் என்று மாப்பிள்ளையிடம் சொல். ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயில். 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ரயில், பெரியவளுக்குப் பிடிக்கும். ஊட்டியிலிருந்து பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூர் பஸ். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. கல்லட்டி வழி கிட்டம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான இறக்கம், மலைக்குப் பழகாதவர்கள் பிரேக்கை நம்பி இறங்கினால் ஆபத்து.

ஊட்டி-மைசூர் ரூட்டில் கண்டக்டராக இருந்த காலத்தில் அப்பாவுக்குக் காடு தெரிந்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகத்தான். அந்த ஜன்னலைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்படுகிறேன். தொரப்பள்ளி தாண்டியதும் காடு ஆரம்பிக்கும். அங்கே மூங்கில், ஈரம், மரத்தில் பாசி. கார்குடி பக்கம் வரும்போது தேக்கும் வெண்தேக்கும். தெப்பக்காட்டில் ஆற்றைத் தாண்டி மசினகுடி பக்கம் திரும்பினால், கொஞ்ச தூரத்திலேயே மரம் குட்டையாகி, முள்ளுக்காடு வந்துவிடும். காரணத்தைச் சின்னவனிடமே கேள். மேற்கேயிருந்து வரும் மழையைக் கூடலூர்ப் பக்கமே வாங்கிக்கொள்கிறது, கிழக்கே மலை மறைவில் மசினகுடிக்குக் கொஞ்சம்தான் மிச்சம். ஒரு மணி நேர பஸ் பயணத்தில் மூன்று விதக் காடு. பாடப் புத்தகத்தில் மழை மறைவுப் பிரதேசம் என்று படித்ததை அவன் கண்ணால் பார்க்கட்டும்.

வழியில் மஞ்சள் பூ பூத்த மரம் நிறைய வரும், அழகாக இருக்கும். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மஞ்சக்கொன்றை. அதன் அடியில் புல் முளைக்காது. புல் இல்லையென்றால் மானுக்கும் காட்டுமாட்டுக்கும் தீனி இல்லை. வனத்துறை அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறது. உண்ணிச்செடியும் அப்படித்தான், வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்து அழகுக்குக் கொண்டுவந்தது. பச்சையாக இருப்பதெல்லாம் காட்டுக்கு நல்லது இல்லை என்பதைப் பெரியவள் இந்த வயசிலேயே புரிந்துகொள்வாள்.

புலி புலி என்று சின்னவன் குதிக்கிறானாம். பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம், வாக்குக் கொடுத்துக் கூட்டி வராதே. வனத்துறை வேனில் போகும்போது மானைப் பார்க்கச் சொல். மேய்ந்துகொண்டிருக்கிற புள்ளிமான் எல்லாம் சட்டென்று தலையைத் தூக்கி, காதை விறைத்து, ஒரே திக்கைப் பார்த்து நிற்கும். முன்னங்காலால் தரையைத் தட்டும். அதே நேரம் மேலே மரத்திலிருந்து மந்தி இருமுகிற மாதிரி குரல் கொடுக்கும். அப்போது புதருக்குள் புலியோ சிறுத்தையோ செந்நாயோ இருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரம் வேனில் யாரும் பேசக் கூடாது. நான் பஸ்ஸில் பார்த்திருக்கிறேன், அந்தக் குரலைக் கேட்டதும் சீட்டில் தூங்குகிற ஆள் கூட எழுந்து உட்காருவார்.

அண்ணாந்து பார்க்கவும் சொல்லிக்கொடு. வெயில் ஏறியதும் மசினகுடி, மாவனல்லா பக்கம் வானத்தில் பாறு, அதாவது பிணம்தின்னிக் கழுகு, வட்டம் போடும். தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற இடங்களில் இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கு முக்கியமானது. ஓடைக்கரை நீர்மத்தி மரத்தில் கூடு வைக்கும். ஒரு காலத்தில் நாடு முழுக்க இருந்த பறவை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் வலி மருந்து, செத்த மாட்டின் உடம்பு வழியாகப் பாறுக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்து, கூட்டத்தோடு கொன்றுவிட்டது. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். ஜீப்காரர் எவரும் பாறுக் கழுகைக் காட்டுகிறேன் என்று கூப்பிட மாட்டார். எனக்குக் கேட்டால், புலியைப் பார்க்காமல் திரும்பினாலும் பரவாயில்லை, பாறுக் கழுகைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

தங்குவது நம் வீட்டில்தான், அதில் பேச்சே இல்லை. மாப்பிள்ளை காட்டையொட்டி ஏதோ ரிசார்ட் பார்த்திருக்கிறாராம், கேம்ப் பயர் உண்டாம். மசினகுடியை ஒட்டிய சீகூர் பக்கம் யானை வழித்தடத்தில் கட்டடம் கட்டியதற்காக எத்தனை வருஷ வழக்கு! வழித்தடத்தைக் காலி செய்யச் சொன்ன தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதற்கு அடுத்த ஜனவரியில்தான் மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த யானை மேல் எரிகிற டயரை வீசினார்கள். காதில் ஒட்டிக்கொண்டு எரிய அது ஓடியதை ஊரே வீடியோவில் பார்த்தது. அந்த யானை செத்துப்போயிற்று. உன் அம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. ராத்திரி ஜீப்பில் கூட்டிப்போகிறேன் என்று யாராவது மசினகுடியில் கேட்டாலும் மறுத்துவிடுங்கள், அது சட்டவிரோதம். ராத்திரி 9 மணிக்கு மேல் காலை 6 வரை பந்திப்பூர் ரோட்டை மூடுவதே, அந்த நேரமாவது விலங்குகள் அடிபடாமல் ரோட்டைத் தாண்டட்டும் என்றுதான்.

தேசியப் பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பெரியவள் கேட்டாளே, யோசித்து வைத்திருக்கிறேன். இரண்டும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. சரணாலயத்தில் சில உரிமைகளைத் தொடர அனுமதிக்கலாம், தேசியப் பூங்காவில் மாடு மேய்க்கக் கூட முடியாது. முதுமலை 1940-ல் சரணாலயம். அதற்குள்ளேயே சுமார் 103 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. 2007-ல் மொத்தமும் புலிகள் காப்பகம் ஆனது. அதற்குப் பிறகு உள்ளே இருந்த ஊர்க்காரர்களை வெளியே குடியமர்த்தினார்கள். தலைமுறை தலைமுறையாக வயல் வைத்திருந்தவர்கள். அதையும் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

தெப்பக்காடு முகாமில் சாயங்காலம் யானைக்குச் சோறு கொடுப்பதைப் பார்க்கலாம். ராகி, கொள்ளு, சோறு, வெல்லம் எல்லாம் உருட்டி, யானைக்கு யானை அளவு மாற்றி, பாகன் வாயிலேயே கொடுப்பார். வளர்ப்பு யானையைப் பார்த்துவிட்டு ரோட்டில் காட்டு யானையையும் அப்படி நினைத்துவிடக் கூடாது. காதை ஆட்டிக்கொண்டு மேய்ந்தால் அது நிம்மதியாக இருக்கிறது. காதை விரித்து அசையாமல் தலையைத் தூக்கினால் எச்சரிக்கை. அப்போது ஹார்ன் அடிக்காமல், இறங்காமல், வண்டியைத் தள்ளி நிறுத்தியே வைக்க வேண்டும்.

வரையாடு பார்க்கக் கேரளாவில் மூணாறு பக்கம் இருக்கிற இரவிகுளம் இன்னொரு வருஷம் போகலாம். பிப்ரவரி, மார்ச்சில் குட்டி போடும் காலம் என்று மூடிவிடுவார்கள், அதை மட்டும் மாப்பிள்ளை குறித்துக்கொள்ளட்டும்.

செப்டம்பர் வரை பிள்ளைகளைச் சும்மா வைத்திருக்காதே. உங்கள் ஊர் நடுவிலேயே கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது, 2.7 சதுர கிலோமீட்டர்தான், ராஜ்பவன் நிலத்திலிருந்து பிரித்தது. அதையொட்டிய சிறுவர் பூங்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிப்போ. போனில் மெர்லின் ஆப் போட்டுக்கொள், பறவை கத்தினால் பெயர் சொல்லும். புள்ளிமானுக்கும் வெளிமானுக்கும் கொம்பு எப்படி வித்தியாசம் என்று இருவரும் படம் வரைந்து வைக்கட்டும், வந்ததும் நான் பார்க்க வேண்டும்.

ரயில் ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கும், அதனால் ஜூலை கடைசியில் மறக்காதே. லீவு தேதி பள்ளிக்கூடத்தில் சொன்னதும் எனக்கு எழுது, தெப்பக்காட்டு வேன் விவரத்தை நான் நேரில் போய் விசாரித்து வைக்கிறேன். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வேண்டாம் என்று நினைக்காதே, ஊட்டி ஏறும்போது வேண்டியிருக்கும். காட்டுக்குள் சிவப்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம், பச்சையோ பழுப்போ எடுத்து வா. பிளாஸ்டிக் பாட்டில் மாவட்டம் முழுக்கத் தடை, ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில் போதும். மாப்பிள்ளையிடம் நான் கோபமாகச் சொன்னதாக இல்லாமல் பக்குவமாகச் சொல். அம்மா உனக்கு மலைப்பூண்டு எடுத்துவைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா