கதையில் அவள் வந்து சேரட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய கதையை ஒரே மூச்சில் படித்தேன். அப்புறம் மறுபடியும் நிதானமாகப் படித்தேன். கூடவே ஒரு வரி எழுதியிருந்தாயே, "நடந்ததை மாத்தி எழுதறது அம்மாவுக்குப் பண்ற துரோகம் மாதிரி இருக்குப்பா, இதோட விட்டுடறேன்" என்று, அதற்குத்தான் இந்தக் கடிதம். விட்டுவிடாதே அம்மா.

2015 டிசம்பரில் நீ வராமல் இருந்துவிடவில்லை, வர வழியில்லை. கொட்டித் தீர்த்த மழையும் செம்பரம்பாக்கத்தில் திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து அடையாறு கரை மீறியது. ஜாபர்கான்பேட்டையில் நம் தெருவுக்குள் படகு வந்தது. 1ஆம் தேதி இரவு மூடிய விமான நிலையம் பல நாள் திறக்கவில்லை. 3ஆம் தேதி அம்மா போய்விட்டாள். இதை எத்தனையோ தடவை உன்னிடம் சொல்லியிருக்கிறேன். உன் புத்தி ஒப்புக்கொள்கிறது, மனசு ஒப்புக்கொள்ளவில்லை.

கதையில் வரும் பெண் லாரி பிடித்துப் பூந்தமல்லி வரை வந்து, வடபழனியிலிருந்து தண்ணீரில் நடந்தே வீட்டுக்கு வந்து, அம்மாவுக்கு ஒரு வாய் கஞ்சி ஊட்டிவிடுகிறாள். அது பொய் என்று நீ குறுகிப்போகிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ இத்தனை வருஷமாக மனசுக்குள் நடந்த நடைதான் அது. 'நான்' என்று எழுதியிருந்தால் முதல் பக்கத்திலேயே பேனாவை வைத்திருப்பாய். 'அவள்' என்று எழுதியதால்தான் அம்மாவின் கட்டில் வரை உன்னால் போக முடிந்தது.

இதை ஆராய்ச்சி செய்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியல் பேராசிரியர், மனசை அறுத்த அனுபவத்தைத் தினம் 15 நிமிடம், 4 நாள் தொடர்ந்து எழுதும்படி மாணவர்களிடம் சொன்னார். எழுதி முடித்த கையோடு மனசு இன்னும் பாரமாகத்தான் இருந்தது. ஆனால் பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. அந்த முடிவு 1986இல் வெளிவந்தது. 1996இல் மெலனி கிரீன்பெர்க் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வுதான் உனக்கு வேண்டியது. அதில் ஒரு பிரிவினர் எழுதியது தங்களுக்கு நடக்கவே நடக்காத, கற்பனையான துயரத்தை. அவர்களுக்கும் அதே மாதிரி பலன் தெரிந்தது. எழுதிய ராத்திரி உனக்குத் தூக்கம் வரவில்லை என்றாயே, அதற்காகப் பயப்படாதே.

கதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'தாங்க முடியாத துக்கம்', 'இதயம் நொறுங்கியது' என்று வரும் இடங்களில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஊறிப்போன பட்டுப்புடவைகளை அவள் ஒவ்வொன்றாக எடுக்கிறாளே, அரக்குப் புடவையின் சாயம் கல்யாணப் புடவை ஜரிகையில் இறங்கியிருக்கிறதே, பிழியவும் மனசில்லாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாளே, அங்கே என்னால் மேலே படிக்க முடியவில்லை. அந்த மாதிரி இடங்களில் இன்னும் கொஞ்ச நேரம் நில்.

இன்னொன்று. அப்பாவும் மகளும் மொட்டை மாடியில் பேசும் இடத்தில் கதை திடீரென்று தாவுகிறது. அங்கே ஏதோ எழுதி அடித்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். 'தண்ணி ஏறறதுக்கு முன்னாடியே அம்மாவை ஏன் வெளியில கூட்டிட்டுப் போகலை?' என்று அவள் கேட்டிருப்பாள். எனக்கு வலிக்குமே என்று அதை எடுத்திருந்தால் திரும்பப் போடு. அவள் கத்தட்டும், அந்த அப்பாவை என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும். கதையில் கேட்க முடிந்தால் ஒருநாள் என்னிடமும் கேட்பாய். நான் இங்கேதானே இருக்கிறேன்.

பத்திரிகைக்கு அனுப்ப அவசரம் வேண்டாம். முதலில் இது உனக்காக இருக்கட்டும். எழுதியும் ஆறாமல், இருக்கவே பிடிக்கவில்லை என்று எந்த நேரத்தில் தோன்றினாலும் எனக்குப் போன் பண்ணு. இல்லையென்றால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடு. இலவசம்தான், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

மொட்டை மாடிப் பகுதியை எழுதி முடித்ததும் தாளில் அச்செடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் படிக்கக் கண் வலிக்கிறது.

அன்புடன்,
அப்பா