நன்னாவின் டிரங்குப் பெட்டி

செந்தெனி, பாரிஸ்
அக்டோபர் 18

அன்புள்ள லாத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம். குளிர் தொடங்கிவிட்டது. சின்னவள் தினமும் பள்ளிக்கூட வாசலில் முக்காட்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போகிறாள். 2004ல் போட்ட சட்டம். அவளுக்குப் பழகிவிட்டது, எனக்குத்தான் இன்னும் பழகவில்லை.

நேற்று மேல்வீட்டு அல்ஜீரியப் பாட்டியோடு சென் மிஷேல் பாலத்துக்குப் போனேன். வருஷா வருஷம் அக்டோபர் 17 அன்று அங்கே கூடி ஆற்றில் பூப் போடுகிறார்கள். 1961ல், பிரான்சிடமிருந்து விடுதலை கேட்டு அல்ஜீரியச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, பாரிஸில் இருந்த அல்ஜீரியர்கள் மட்டும் ராத்திரி எட்டரைக்கு மேல் வெளியே வரக்கூடாது என்று போலீஸ் உத்தரவு போட்டதாம். அதை எதிர்த்துக் குடும்பம் குடும்பமாக, கையில் ஆயுதம் எதுவும் இல்லாமல், மழையில் ஊர்வலம் வந்திருக்கிறார்கள். போலீஸ் அடித்தது, சுட்டது, ஆற்றில் தூக்கிப் போட்டது. பதினோராயிரம் பேருக்கு மேல் பிடித்துக்கொண்டு போனார்கள். பாட்டிக்கு அப்போது ஏழு வயது, நாந்தேர் குடிசைப் பகுதியில் வீடு. அவருடைய வாப்பா நாலு நாள் கழித்துக் கைவிரல் உடைந்து திரும்பி வந்தார். சித்தப்பா வரவே இல்லை.

செத்தது மூன்று பேர் என்று அரசாங்கம் கணக்கு எழுதி மூடிவிட்டது. வரலாற்று ஆசிரியர்களில் சிலர் 200 பேருக்கு மேல் என்கிறார்கள். அந்தப் பாலத்தில் ஒரு கல்வெட்டு வைக்கவே நாற்பது வருஷம் ஆனது. அன்றைக்குப் போலீஸ் தலைவராக இருந்த மொரிஸ் பப்போனுக்கு 1998ல் தண்டனை கிடைத்தது. அதுவும் இதற்காக இல்லை, ஹிட்லர் காலத்தில் யூதர்களைப் பிடித்து அனுப்பியதற்காக.

2015 நவம்பர் 13 ராத்திரி உனக்கு நினைவிருக்கும், போன் போட்டு அழுதாயே. ஐ.எஸ். பயங்கரவாதிகள் பாரிஸில் நடத்திய தாக்குதலில் 130 பேர் போனார்கள். எங்கள் வீட்டுப் பக்கத்து ஸ்டேடியத்து வாசலிலும் குண்டு வெடித்தது. அன்று விடியும்வரை எங்கள் வீட்டில் உட்கார்ந்து இறந்தவர்களுக்காகத் துஆ கேட்டவர் இதே பாட்டிதான். மறுநாள் மார்க்கெட்டில் எங்கள் இரண்டு பேரையும் மற்றவர்கள் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. மேற்கத்திய நாடுகளுக்கும் முஸ்லிம்களுக்கும் ஒத்துவராது என்று டிவியில் அன்று பேச ஆரம்பித்தவர்கள் இன்னும் நிறுத்தவில்லை. பாட்டி கேட்பது ஒன்றே ஒன்று. என் சித்தப்பாவை எங்கே புதைத்தீர்கள்?

திரும்பி வரும்போது மெட்ரோவில் பாட்டி கேட்டார்: "உங்கள் காரைக்காலையும் இவர்கள்தானே ஆண்டார்கள்? எப்படி விட்டுவிட்டுப் போனார்கள்?" 1954 நவம்பர் 1ல் இந்தியாவுக்குக் கைமாறியது என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அல்ஜீரியாவில் சண்டை தொடங்கிய நாளும் அதே நாள்தான் லாத்தா! நமக்குச் சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்டில், அவர்களுக்கு விடுதலை 1962 ஜூலையில். நம்மைக் கையெழுத்துப் போட்டு விட்டவர்கள், அங்கே ஏழு வருஷத்துக்கு மேல் கொன்றிருக்கிறார்கள்.

அப்புறம் அவர், "உங்கள் வீட்டில் யாராவது பிரெஞ்சு சர்க்கார் வேலையில் இருந்தார்களா?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14 வந்தால் நம்ம நன்னா மெடல் குத்திக்கொண்டு மற்றப் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாக்களோடு போய் நிற்பாரே, அதுதான் கண்ணில் வந்தது. அல்ஜீரியாவில் இருந்தேன், பேரீச்சம்பழம் நன்றாக இருக்கும் என்பார். வேறு ஒன்றும் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை. பேத்திகள் நாம் படித்தது அந்தப் பென்ஷனில். நான் இங்கே வந்ததே அவர் வாங்கிய பிரெஞ்சுக் குடியுரிமையில்.

இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது, பதில் சொல்லாமல் இறங்கிவிட்டேன். அவர் அதற்கப்புறம் கேட்கவில்லை. இன்று காலையில் கூஸ்கூஸ் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

நன்னாவின் டிரங்குப் பெட்டி பரண்மேல்தான் இருக்கும். அதில் அவருடைய பட்டாளத்துப் புத்தகம் இருக்கிறது, பழுப்பு அட்டை. எந்த வருஷம், எந்த ஊர் என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பு. உம்மாவிடம் இப்போது ஒன்றும் சொல்லாதே. வெள்ளிக்கிழமை பாட்டி சாப்பிட வருகிறார், அதற்குள் எனக்கு வேண்டும்.

உன் தங்கச்சி