கண்மாய்க் கரையில் கூடாரம்: ஊர்க்கூட்டத்துக்கு ஒரு மடல்

ஊர்க்கூட்டத்துப் பெரியவர்களுக்கும் பங்காளிகளுக்கும் வணக்கம்.

கண்மாய்க் கரையில் வெளியாட்கள் இரவு தங்கக் கூடாது என்று முடிவெடுத்து, பலகையும் நட்டுவிட்டதாகத் தம்பி போனில் சொன்னான். கோபம் எனக்கும் உண்டு. விடுதிக்காரர் ஒருவர் அய்யனார் கோவிலுக்குப் பின்னால் பத்துக் கூடாரம் அடித்து, ஜெனரேட்டர் போட்டு, விடிய விடிய ஸ்பீக்கரை அலறவிட்டுப் போனாரே, அதற்கப்புறம் மடைவாயில் கிடந்த பாட்டில் சில்லு ஏறியது என் சின்னம்மா காலில்தான். அஞ்சு தையல். ஆனாலும் அந்தப் பலகையைப் பிடுங்கச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.

போன ஜூலையில் நார்வேயில் வேலை பார்க்கும் மகளோடு ஃபெமுண்ட் ஏரிக்கரையில் நான்கு இரவு தங்கினேன். ரோரோஸ் என்ற பழைய செம்புச் சுரங்க ஊருக்குப் போய், அங்கிருந்து ஏரிக்கு வந்து, 1905-இல் கட்டிய படகு ஒன்றில் ஏறிக் கரை இறங்கினோம். பின்னால் மலை, சுற்றிலும் பைன் காடு, முன்னால் தண்ணீர். இரவு முழுசாக இருட்டவே இல்லை. கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தேன். கொசு இருக்கிறதே, நம் ஊர்க் கொசுவுக்குப் பெரியப்பா. ஏரித் தண்ணீரை டம்ளரில் மொண்டு அப்படியே குடித்தாள் மகள். எனக்கு நம் ஊருணிதான் நினைவுக்கு வந்தது. காலை நனைக்கவே விடமாட்டாளே அப்பத்தா.

காவலாள் இல்லை, கேட் இல்லை, டிக்கெட் இல்லை. யாரிடம் கேட்டுவிட்டு வந்தாய் என்றேன். கேட்கவே வேண்டாமாம். 1957-இலேயே அதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். பயிர் வைக்காத காடு, மலை, ஏரிக்கரை எதுவானாலும், தனியார் நிலமாகவே இருந்தாலும், யாரும் நடக்கலாம், படுக்கலாம். ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிறதே நம் பெரிய வீடு, அதுமாதிரி இரண்டு வீட்டு நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் என்றால் நிலத்துக்காரரைக் கேட்க வேண்டும். ஆளில்லாத தொலைவில் அது தேவையில்லை, ஆனாலும் புல் படுத்துவிடும் என்று மூன்றாம் நாள் கூடாரத்தைப் பிரித்து இடம் மாற்றினாள். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலோ காட்டுப் பக்கத்திலோ விறகு மூட்டக் கூடாது. அதனால் பாறைமேல் சின்ன கேஸ் அடுப்பை வைத்து ரசம் கொதிக்கவிட்டோம். கிளம்பும்போது வெங்காயத் தோல்கூட எங்கள் பையில்தான் வந்தது.

55 லட்சம் பேர் இருக்கும் நாட்டுச் சங்கதி நமக்கு எதற்கு என்று அம்பலகாரர் ஐயா கேட்பார். நியாயம்தான். ஆனால் வெளியாள் வந்து நம் நிலத்தில் படுப்பது என்ன, புதுசா? அறுப்பு முடிந்தால் கீதாரியை நாமே கூப்பிட்டுக் கிடை போடச் சொல்கிறோம். குடும்பத்தோடு வயலில் படுக்கிறார், ஆட்டை அடைக்கிறார், போகும்போது நிலத்துக்கு உரம் சேர்ந்திருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற நம் சனம் வழியெல்லாம் யார் யார் ஊரிலோ படுத்துத்தானே போகிறது? அந்த ஊர்களும் ஆளுக்கொரு பலகை நட்டிருந்தால்?

இன்னொன்று, சொன்னால் கோபிப்பீர்கள். மடையில் கிடப்பது எல்லாம் வெளியூர்ச் சில்லு இல்லை. பாதி நம் பையன்கள் போட்டது. வெளியாளைத் தடுக்கிற பலகை அவர்களை ஒன்றும் செய்யாது.

ஆகவே, ஆளைப் பார்க்காமல் செய்கையைப் பார்த்துக் கட்டுப்பாடு எழுதுங்கள், ஊர்க்காரனுக்கும் சேர்த்து. இடம் தென்கரைப் பொட்டல் மட்டும் போதும். கோவில் பக்கமும் வேண்டாம், மாடு தண்ணிக்கு இறங்கும் துறையும் வேண்டாம். ஒரு நேரத்தில் நாலு கூடாரம், இரண்டு இரவு. ஸ்பீக்கரும் ஜெனரேட்டரும் எந்த மாதத்திலும் கூடாது. கோரையும் கருவேலமும் காய்ந்து கிடக்கிற பங்குனி முதல் ஆடி வரை நெருப்பே கூடாது. மழைக்காலத்தில் வரத்துக்கால் பக்கம் யாரும் படுக்க வேண்டாம். பறவை வந்து அடையும் மாதங்களில் கரையில் விளக்கும் வேண்டாம். வேட்டங்குடிப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. நம்மால் ஒரு டார்ச்சை அணைக்க முடியாதா? மீறுகிறவருக்கு என்ன அபராதம் என்பதைக் கூட்டமே முடிவு செய்யட்டும். கட்டணம் வாங்குவது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. காசு கொடுத்தவன் குப்பையை விட்டுப் போக உரிமை வாங்கிவிட்டதாக நினைப்பான்.

தை மாதம் ஊருக்கு வருகிறேன். மகள் தன் கூடாரத்தைக் கொடுத்துவிட்டிருக்கிறாள். கூட்டம் சம்மதித்தால் முதல் இரவு பொட்டலில் நானே படுத்துப் பார்க்கிறேன். கூடாரத்தில் இரண்டு பேருக்கு இடம் உண்டு. அம்பலகாரர் ஐயா வந்தால் சந்தோஷம். குறட்டை விடுவீர்கள் என்று அத்தை சொல்லியிருக்கிறார்கள், பரவாயில்லை, வாருங்கள்.

இப்படிக்கு,
வடக்குத்தெருக்காரன்