தோற்றாலும் கவலையில்லாத வழக்காளிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வழக்குகள் தேங்குவது பற்றிய கட்டுரையில் நீதிபதி பற்றாக்குறை, வாய்தா எல்லாம் வந்திருந்தன. வழக்குப் போடுவதையே பிழைப்பாக வைத்திருப்பவர்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அப்படி ஒருவரிடம் ஒன்பது வருடம் மாட்டிக்கொண்டவன் என்பதால் எழுதுகிறேன்.

ஒரே சுவருக்கு ஆறு வழக்கு. ஆறிலும் ஜெயித்தது நான்தான். ஆனால் வாய்தாவுக்கு வாய்தா லீவு போட்டதும், வக்கீலுக்கு அழுததும் நான்தானே? அவருக்குத் தீர்ப்பைப் பற்றி அக்கறையே கிடையாது. சம்மன் என் வாசலுக்கு வந்துவிட்டால் போதும். ஒவ்வொரு நீதிபதியின் மேஜைக்கும் போவதோ ஒரே ஒரு வழக்குக் கட்டு. ஆறு கட்டும் அடுக்கியிருப்பது என் வீட்டு அலமாரியில்.

இதற்குச் சட்டம் உண்டு. இங்கிலாந்தில் 1896-லேயே வந்துவிட்டது. சென்னை மாகாணத்தில் 1949-ல் வந்தது. தகுந்த காரணமில்லாமல் வழக்குப் போடுவதே வழக்கம் என்று தெரிந்தால், இனி அனுமதி வாங்காமல் எந்த வழக்கும் போடக்கூடாது என உயர் நீதிமன்றம் உத்தரவிடலாம். சரி, அதற்கு மனுப் போட வேண்டியவர் யார்? அட்வகேட் ஜெனரல், அதாவது மாநில அரசின் தலைமை வக்கீல். என்னைப் போன்றவன் அவர் வரை எப்படிப் போவது?

கலிஃபோர்னியாவில் கணக்கே வைத்திருக்கிறார்கள்: வக்கீல் இல்லாமல் தானே நடத்திய வழக்குகளில் ஏழு வருடத்துக்குள் ஐந்து தோற்றால் ‘தொல்லை வழக்காளி’ என்ற பட்டம் கிடைக்கும். எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வக்கீலுக்குக் காசில்லாதவரும் இதில் சிக்கலாம். காசுள்ள தொல்லைக்காரர் வக்கீல் வைத்துத் தப்பிவிடலாம். இங்கிலாந்தின் இன்றைய விதிதான் சரியாகப்படுகிறது. ஒரு வழக்கை அடிப்படையே இல்லாதது என்று தள்ளும் நீதிபதி, அதை உத்தரவிலேயே பதிய வேண்டும். தடை போடலாமா என்றும் அப்போதே யோசிக்க வேண்டும். யாரும் தனியாக மனுப் போடத் தேவையில்லை. அடுத்த நீதிபதிக்கும் பழைய கதை தெரிந்துவிடும். தடை வந்த பிறகும் நியாயமான வழக்கு இருந்தால் அனுமதி கேட்டுப் போடலாம். சம்மன் கிளம்புவதற்கு முன்பே ஒரு நீதிபதி அதைப் படித்துவிடுவார், அவ்வளவுதான்.

அந்த உத்தரவு வாதியின் பெயரோடு நின்றுவிடவும் கூடாது. எனக்கு வந்த இரண்டாவது வழக்கு அவர் மனைவி பெயரில் வந்தது. பிராது முழுக்க முதல் வழக்கில் இருந்ததேதான், என் பெயரில் இருந்த எழுத்துப்பிழை உட்பட.

இப்படிக்கு,
ஒரு வாசகர்