கட்டளைகளுக்கு முன் அட்டவணைகளைக் கற்பியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைவாய்ப்புக்கு உதவும் கணினிப் பயிற்சிகள் குறித்துத் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். தரவுகளைச் சேமிக்கவும் தேடி எடுக்கவும் கணினிக்குக் கட்டளையிடும் எஸ்கியூஎல் மொழியைக் கற்றுக்கொள்ளுமாறு மாணவர்களுக்கு அவை கூறும் அறிவுரையில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் எந்தத் தகவலை எந்த அட்டவணையில் வைப்பது என்று தீர்மானிக்கத் தெரியாதவருக்கு, அந்தக் கட்டளைகள் அத்தனையும் மனப்பாடமாக இருந்தாலும் பெரும்பயன் இல்லை என்பதை, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்கூழ் ஆலை ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றுபவன் என்ற முறையில் எழுத விரும்புகிறேன்.

தரவுகளை வரிசைகளும் நெடுவரிசைகளும் கொண்ட அட்டவணைகளாக வைத்து, அவற்றுக்கு இடையிலான உறவை அவற்றில் உள்ள மதிப்புகளைக் கொண்டே காட்டலாம் என்ற கருத்தை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் வெளியிட்டார். எஸ்கியூஎல் மொழியின் முதல் வடிவத்தை அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல்தான் வெளியிட்டனர். வடிவமைப்பு முன்னே வந்தது, மொழி பின்னே வந்தது. நம் பயிற்சி மையங்களில் மொழியே முதல் வகுப்பு. வடிவமைப்போ, நேரம் மிஞ்சினால் கடைசி வகுப்பு.

இதனால் வரும் கேடு என்ன என்பதற்கு வெளியே தேட வேண்டியதில்லை. எங்கள் ஆலைக்கு முன்பு எழுதி வாங்கிய மென்பொருளில் மாங்காய் வரத்துக்கு ஒரே ஓர் அட்டவணைதான் இருந்தது. வண்டி எண், விவசாயியின் பெயர், ஊர், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றுக்குப் பின், ரகம் 1, எடை 1, ரகம் 2, எடை 2, ரகம் 3, எடை 3 என்று நெடுவரிசைகள் அடுக்கப்பட்டிருந்தன. ஒரே வண்டியில் நான்கு ரகங்கள் வந்த நாளில் நான்காவதை எழுத இடமில்லாமல், எடை மேடையில் இருந்தவர் அதைக் 'குறிப்பு' என்ற கட்டத்தில் சொற்களாகவே எழுதிவிட்டார். மாத முடிவில் கணினி கூட்டிய எடையில் அது சேரவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா? வண்டிக்கு ஓர் அட்டவணையும், வண்டியில் வந்த ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு வரியாகத் தனி அட்டவணையும் இருந்திருந்தால், மூன்று ரகம் வந்தாலும் முப்பது வந்தாலும் கணக்கு பிசகாது.

அந்த ஒற்றை அட்டவணையின் தொல்லைகள் அத்துடன் முடியவில்லை. பருவம் தொடங்குமுன் ஒப்பந்தம் பேசிய விவசாயியின் விவரத்தை, அவருடைய முதல் லோடு வராமல் பதிய வழியில்லை; ஆகவே எடை சுழியம் என்று ஒரு பொய் லோடு பதிவாயிற்று. ஒரே லோடு கொண்டுவந்தவரின் பதிவைத் தவறு என்று நீக்கியபோது அவருடைய வங்கிக் கணக்கு எண்ணும் உடன் அழிந்தது. கணக்கு எண்ணை மாற்றிக்கொண்டவருக்கோ ஒரு வரியில் புதிய எண்ணும் மற்ற வரிகளில் பழைய எண்ணும் நின்றன. சேர்த்தல், நீக்கல், திருத்தல் ஆகிய மூன்றிலும் நேரும் முரண்கள் என்று பாடநூல்கள் வகுத்துச் சொல்பவை இவைதாம். தேர்வுக்குப் படித்த பிள்ளைகள் இவற்றின் இலக்கணத்தைப் பிழையில்லாமல் ஒப்பிக்கிறார்கள். மேசைமேல் எடைச் சீட்டு ஒன்றை வைத்து இதை எத்தனை அட்டவணையாகப் பிரிப்பாய் என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீயைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே அவசரத்தைக் காண்கிறேன். முருகன், மாதம்மாள் என்ற பெயர்கள் ஒரு கிராமத்திலேயே பலருக்கு உண்டு. தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கலாம். கைப்பேசி எண் மாறும்; குடும்பம் முழுவதற்கும் ஒரே எண் இருப்பதும் உண்டு. விவசாயிக்கு ஆலையே ஓர் எண்ணை வழங்கி, அந்த எண்ணை மட்டும் லோடு அட்டவணையில் குறிப்பதே பாதுகாப்பானது. ஆதார் எண்ணை அதற்குப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்கிறார்கள். மாங்காய் எடை போட ஆதார் எதற்கு என்பது என் கட்சி.

நம் மாவட்ட வரலாறே ஒரு நல்ல பாடம். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்று தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாவட்டத்தின் பெயரை ஒவ்வொருவரின் முகவரியிலும் எழுதி வைத்திருந்தவர்கள் அத்தனை வரிகளையும் தேடித் திருத்த வேண்டும். விடுபட்டவை பழைய மாவட்டத்திலேயே தங்கிவிடும். போச்சம்பள்ளி எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பது அந்த வட்டத்தைப் பற்றிய செய்தியே தவிர, அங்கு வாழும் விவசாயியைப் பற்றிய செய்தி அன்று. வட்டங்களுக்குத் தனி அட்டவணை இருந்தால், அன்று புதிய மாவட்டத்துக்குச் சென்ற கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை, போச்சம்பள்ளி, ஊத்தங்கரை ஆகிய ஐந்து வட்டங்களுக்கும் ஐந்து வரிகளைத் திருத்தினால் போதும். பிற்பாடு பர்கூர், சூளகிரி, அஞ்செட்டி எனப் புதிய வட்டங்கள் உருவானபோது கிராமங்களே வட்டம் மாறின. ஆகவே விவசாயியின் வரியில் கிராமத்தின் எண்ணும், கிராமத்தின் வரியில் வட்டத்தின் எண்ணும் இருப்பதே சரி. மூன்றாம் நார்மல் ஃபார்ம் என்று அச்சமூட்டும் பெயரில் கற்பிக்கப்படுவது இவ்வளவுதான்.

எதையும் இரண்டு முறை எழுதாதே என்று இதைச் சூத்திரமாக்கிவிடுவதும் தவறு. ரகங்களின் அட்டவணையில் இன்றைய விலை இருந்தாலும், லோடு வந்த நாளில் பேசிய விலையை அந்த லோடின் வரியிலும் எழுதியே ஆக வேண்டும். இல்லையெனில், இன்று விலையை மாற்றியதும் சென்ற ஆண்டின் பட்டியல் தொகைகளும் சேர்ந்து மாறிவிடும். எண் ஒன்றாக இருந்தாலும் இவை இரு வேறு செய்திகள்: ஒன்று ரகத்தின் நடப்பு விலை, மற்றொன்று நடந்து முடிந்த ஒரு விற்பனையின் விலை. எது மாறக்கூடியது, எது மாறவே கூடாதது என்று பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை எந்தக் கட்டளையும் கற்றுத் தருவதில்லை.

ரகத்தின் பெயரை அவரவர் விருப்பம்போல் தட்டச்சு செய்ய விட்டால், பெங்களூரா, தோத்தாபுரி, கிளிமூக்கு என்று ஒரே மாங்காய் அறிக்கையில் மூன்று ரகங்களாக நிற்கும். ரகங்களின் அட்டவணையில் இல்லாததை ஏற்காதே என்று, ஓர் அட்டவணையின் வரியை மற்றோர் அட்டவணையின் வரியோடு பிணைக்கும் ஃபாரின் கீ ஒன்றை அமைத்தால், அந்தக் குழப்பம் வாசலிலேயே தடுக்கப்படும்.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். மென்பொருள் எழுதி வாங்கும் மண்டிக்காரர்களும் ஆலை உரிமையாளர்களும் முன்பணம் கொடுக்கும் முன், அட்டவணைகளின் வரைபடத்தைத் தாளில் கேட்டுப் பெற்று, தங்கள் எடைச் சீட்டு ஒன்றை அதில் நிரப்பிப் பார்க்க வேண்டும். தங்கள் கல்விப் பக்கம், கட்டளைப் பட்டியல்களுடன் வாரம் ஒரு வடிவமைப்புப் பயிற்சியையும் வெளியிட வேண்டும். முதல் பயிற்சிக்குக் கூட்டுப் பட்டாவை எடுத்துக்கொள்ளலாம்: ஒரு பட்டாவில் உரிமையாளர் பலர், ஒருவர் பெயரில் பட்டாக்கள் பல, ஒரு பட்டாவில் புல எண்ணும் உட்பிரிவும் பல. இதற்கு எத்தனை அட்டவணைகள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பிரைமரி கீ எது என்று மாணவர்கள் கணினியைத் திறக்காமல் எழுதி அனுப்பட்டும்.

இப்படிக்கு,
மாங்கூழ் ஆலைக் கணக்கர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.