பல்லும் பாலும் ஒன்றல்ல: டர்பனில் தமிழ் ராப் எழுதும் தம்பி தங்கையருக்குத் திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கையரே,

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் படுக்கையறையில் ஒரு மைக்கை வைத்துக்கொண்டு தமிழில் ராப் செய்யும் உங்களுக்கு, உங்கள் பாட்டு வெளிவந்த அன்றே கேட்டுவிடும் ரசிகர்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். பீட்டில் எங்களுக்குக் குறையே இல்லை. கோம் (gqom) இந்த ஊர் டவுன்ஷிப்புகளில் பிறந்த நடன இசை. இன்னொரு தென்னாப்பிரிக்க நடன இசையான அமபியானோவும் உங்கள் கைக்கு நன்றாகவே வந்துவிட்டது. எங்கள் கவலை சொல்லைப் பற்றியது. தமிழ் வரி காதில் விழுகிறது, பொருள் மட்டும் பிடிபடுவதில்லை.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதுகிறீர்கள். அந்த எழுத்தில் குறில், நெடில் தெரியாது. பல்லும் பாலும் அங்கே ஒரே சொல். மலையும் மாலையும் ஒன்று, கல்லும் காலும் ஒன்று. வலி, வளி, வாலி, வாளி என்று நான்கு சொற்கள் ஒரே ஆங்கில எழுத்துக்கோவைக்குள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. 1860-இல் நம் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிவந்த முதல் கப்பல் டர்பனில் வந்து இறங்கிய பிறகு நம் பெயர்களுக்கே என்ன நடந்தது என்று பாருங்கள். முதலி என்ற குறில் மூட்லி என்ற நெடிலாகிப் பதிவேட்டில் உட்கார்ந்துவிட்டது. பெயருக்கு நடந்தது பாட்டுக்கும் நடக்க வேண்டாம். தமிழ் எழுத்து கூட்டித்தான் படிக்க வரும் என்றாலும் பரவாயில்லை, வரியைத் தமிழில் எழுதி, நெடிலுக்கெல்லாம் அடியில் ஒரு கோடு போட்டு, அந்தத் தாளைப் பார்த்துப் பாடுங்கள்.

அடுத்தது, வரியைத் தாளத்தில் வைப்பது. நான்கு பீட் கொண்ட ஒரு சுற்றுதான் பார். ஒரு பாருக்குப் பதினாறு கட்டம். அமபியானோ 112 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 112 பீட் வேகத்தில் ஓடினால் ஒரு கட்டம் ஏறத்தாழ 134 மில்லிசெகண்ட், ஒரு பார் முழுவதும் 2.14 செகண்ட். ஆங்கில ராப்பில் பதினாறையும் நிரப்பலாம். அங்கே அசைகளை விழுங்கிவிட்டு ஓட முடியும். தமிழில் குறில் ஒரு மாத்திரை கேட்கும், நெடில் இரண்டு மாத்திரை கேட்கும், மெய் அரை மாத்திரை கேட்கும். ஒரு மாத்திரைக்கு ஒரு கட்டம் என்று வைத்து இந்த வரிகளை எண்ணிப் பாருங்கள்:

கட்டுமரம் இல்ல, கரும்புக் காடு
கொட்டும் மழையில கட்டின வீடு

முதல் வரியில் குற்றியலுகரத்தையும் முழு மாத்திரையாகவே எண்ணினால் 14½ வரும். பதினாறில் மீதி ஒன்றரைக் கட்டம் மூச்சுக்கு. இரண்டாம் வரியில் ‘ழை’ குறுகி ஒரு மாத்திரையாக ஒலிப்பதால் அது கொஞ்சம் குறைவு, அதனால் ‘வீடு’ நிதானமாக இறங்கும். இதையே பதினெட்டு மாத்திரைக்கு நீட்டினால் முதலில் பலியாவது நெடில்தான்: ‘காடு’ ‘கடு’ என்று கேட்கும். அப்போது வேகத்தைக் கூட்டாதீர்கள், ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள்.

அந்த இரண்டு வரியில் இன்னொன்றும் இருக்கிறது. கட்டு, கொட்டு: இரண்டாம் எழுத்து ஒன்றி வருகிற எதுகை. கட்டுமரம், கரும்பு, காடு: முதல் எழுத்து ஒன்றுகிற மோனை. காடு, வீடு: கடைசியில் இயைபு. உங்கள் புதுப் பாட்டுகளில் எங்களுக்கு இயைபு மட்டுமே கேட்கிறது. ‘வந்தேன், நின்னேன், சொன்னேன்’ என்று முடிக்க உழைப்பே வேண்டாம், தமிழ் வினைச்சொல் தானாக அப்படித்தான் முடியும். அதனால் கேட்பவர் காதுக்கு அது பரிசாகத் தெரிவதில்லை. தமிழில் பஞ்ச் இருப்பது வரியின் முன்பக்கத்தில். மோனை விழும் எழுத்தை ஸ்நேர் டிரம் அடிக்கும் இரண்டாம், நான்காம் பீட்டில் வையுங்கள். சொல்லின் நடுவில் அழுத்தம் விழும்படி ஆங்கில ஃப்ளோவை அப்படியே போர்த்தாதீர்கள். மலேசியாவில் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006-இல் ‘வல்லவன்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். 2019-இல் அறிவும் ஆஃப்ரோவும் ‘தெருக்குரல்’ கொடுத்தார்கள். இரண்டிலும் வரிகள் எங்கே தொடங்குகின்றன, எங்கே மூச்சு விடுகிறார்கள் என்பதை மட்டும் கவனித்து ஒருமுறை கேளுங்கள்.

இனி ஒலிப்பதிவு. ‘பட்டம்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ட்’ வரும் இடத்தில் நாக்கு மேலண்ணத்தை அடைத்துக்கொண்டு ஒரு கணம் நிற்கிறது, அந்தக் கணத்தில் சத்தமே இல்லை. அந்த மௌனம் இல்லாவிட்டால் பட்டம் படத்துக்குப் பக்கத்தில் போய்விடும். நீங்கள் குரலுக்குப் போடும் நீளமான ரிவெர்ப், அதாவது எதிரொலி, இந்த மௌனத்தைத்தான் நிரப்புகிறது. க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப எல்லாமே கரைந்துபோகின்றன. ரிவெர்ப் நீளத்தை ஒரு செகண்டுக்குள் வைத்து, அது தொடங்கும் முன் 30 மில்லிசெகண்ட் தாமதம் (ப்ரீ-டிலே) கொடுத்து, குரல் ஒலிக்கும்போது ரிவெர்ப் தாழும்படி சைட்செயின் போடுங்கள். சத்தத்தின் ஏற்றத்தாழ்வை அடக்கும் கம்ப்ரெஸரில் ரிலீஸ், அதாவது அது பிடியை விடும் நேரம், மிக வேகமாக இருந்தால் அதே மௌனத்தில் அறையின் இரைச்சலும் மூச்சும் எழும்பி வரும். 80 முதல் 120 மில்லிசெகண்ட் போதும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி, முதுகுக்குப் பின்னால் கனமான போர்வை, உச்சம் மைனஸ் 10 டெசிபல் அளவில். சுவரைப் பார்த்து நின்று பாடாதீர்கள்.

காவடிக்கு வாசிக்கும் உறுமி மேளத்தை அமபியானோவின் பேஸ் ஒலியான லாக் டிரம்முடன் சேர்க்கும் ஆசை உங்களில் பலருக்கு இருக்கிறது. எங்களுக்கும் அது மிகவும் பிடித்த ஆசை. ஆனால் உறுமியின் முனகலும் லாக் டிரம்மும் அடித்தளத்தில் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். யார் அங்கே உட்காருவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். லாக் டிரம் என்றால், உறுமியில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, வளைந்த குச்சி தோலில் தேயும் உரசல் ஒலியை மேலே கொண்டுவாருங்கள். காதுக்கு உறுமி என்று சொல்வது அந்த உரசல்தான். தேய்க்கும் பக்கத்துக்கு ஒன்று, அடிக்கும் பக்கத்துக்கு ஒன்று என இரண்டு மைக் வைத்தால், இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்பதால் கனம் போய்ப் பொள்ளலாகக் கேட்கும். ஒரு சேனலின் போலாரிட்டியைத் திருப்புங்கள் (ஒலி அலையைத் தலைகீழாக்குங்கள்), வயிறு திரும்ப வரும்.

பாட்டின் இறுதிப் பதிவான மாஸ்டரை மைனஸ் 8 லஃப்ஸுக்கு (LUFS, கேட்கும் சத்தத்தின் அளவு) நசுக்குவதில் பயன் கிடையாது. ஸ்பாட்டிஃபை அதை மைனஸ் 14-க்கு இறக்கிவிடும். நசுங்கிய மெய்யெழுத்துகள் மட்டும் மிச்சமாகும். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும்.

பழைய சினிமாப் பாட்டுத் துண்டை அறுத்து லூப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் இசையமைப்பின் உரிமை ஒன்று, ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. இரண்டுக்கும் அனுமதி இல்லாமல் ஏற்றினால் பாட்டு எப்போது வேண்டுமானாலும் இறக்கப்படலாம். அந்த ராகத்தை வைத்து நீங்களே புதிதாக ஒன்று வாசித்துக்கொள்வது மலிவு.

வெளியிடும் வேலையில் அவசரம் வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் பிட்ச் கொடுக்க, அதாவது பிளேலிஸ்ட்டில் சேர்க்கும்படி கேட்க, வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாளாவது முன்னால் பாட்டு ஏறியிருக்க வேண்டும். மூன்று வாரம் இருந்தால் நல்லது. பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் ஸ்ட்ரீம் எட்டாத பாட்டுக்கு அங்கே ஒலிப்பதிவுப் பணம் வராது, அதனால் மாதத்துக்கு நான்கு அரைகுறைப் பாட்டைவிட ஒரு முழுப் பாட்டை எங்களிடம் கொடுங்கள். எழுதியவரும் இசையமைத்தவரும் அவர்களுக்கான உரிமைத்தொகையை வசூலிக்கும் சாம்ரோவில் (SAMRO) பதிய வேண்டும், ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி (ISRC) எண் வாங்க வேண்டும். யாருக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். பாட்டின் பெயரைத் தமிழ் எழுத்திலும் ஏற்றுங்கள், தேடுகிறவர்கள் அப்படியும் தேடுகிறார்கள்.

கோயிலிலிருந்து வந்து உங்களுக்காக உறுமி வாசித்துவிட்டுப் போகிற அண்ணன் பெயரையும் அந்தத் தாளில் சேருங்கள். வானொலியில் பாட்டு ஒலித்தால் வாசித்தவருக்கும் ஒலிப்பதிவுக்கான உரிமைத்தொகையை வசூலிக்கும் சாம்ப்ரா (SAMPRA) வழியாகப் பங்கு உண்டு. பெயர் இல்லாவிட்டால் அவருக்கு அது போய்ச் சேராது.

அன்புடன்,
டர்பன் ரசிகர்கள் சிலர்